பத்து சென்ட் போட்டால் ஒரு பாட்டுப் படம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், "மியூசிக் வீடியோ என்பதே 1981இல் எம்.டிவி வந்த பிறகுதானே தொடங்கியது?" என்று கேட்டிருந்தார். இல்லை, அதற்கு நாற்பது வருடம் முன்பே, இரண்டாம் உலகப்போர் சமயத்தில், அமெரிக்காவின் மதுக்கடைகளிலும் பஸ் நிலையங்களிலும் காசு போட்டால் பாட்டுப் படம் காட்டும் பெட்டிகள் இருந்தன, அந்தப் படங்களுக்கு சவுண்டீஸ் என்று பெயர் என இரண்டு வரியில் முடித்திருந்தேன். இரண்டு வரி போதாது என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: டிவி இல்லாத காலத்தில் ஒரு பெட்டிக்குள் எப்படிப் படம் தெரிந்தது? எப்படி வேலை செய்தது என்று விளக்கமாகச் சொல்லுங்கள். (திருச்சி)

பெட்டியின் பெயர் பானோரம். சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி 1940இல் கொண்டுவந்தது. காசு போட்டால் இயங்கும் இயந்திரங்கள்தான் அவர்கள் தொழிலே. சூதாட்ட ஸ்லாட் மெஷின்கள், பாட்டுப் பெட்டிகள், அதற்கெல்லாம் முன்பு நிஜ வயலினையும் பியானோவையும் தானாகவே வாசிக்கும் 'வயோலானோ விர்ச்சுவோசோ' என்று ஓர் அபூர்வமான இயந்திரம். அந்த வரிசையில் வந்ததுதான் பானோரம்.

ஆள் உயரத்தைத் தாண்டும் மரப்பெட்டி. அதன் மேல் பகுதியில் இரண்டடி அகலம்கூட இல்லாத மங்கலான கண்ணாடித் திரை. உள்ளே கீழே ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் 16 எம்.எம். புரொஜெக்டர். அது வீசும் ஒளி, பெட்டிக்குள் சாய்த்து வைத்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, திரையின் பின்பக்கத்தில் விழும். நாம் முன்பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது படச்சுருளை ஓடவிட்ட விதம். தலையையும் வாலையும் ஒட்டி, முடிவே இல்லாத வளையமாக்கிவிட்டார்கள். ஒரு சுருளில் 8 பாட்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 நிமிடம். 16 எம்.எம். ஒலிப்படம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும், அப்படியென்றால் 8 பாட்டுக்கு 860 அடிக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நீளத்தையும் யாரும் திரும்பச் சுற்ற வேண்டிய அவசியம் இல்லாமல், நாள் முழுக்க, புகையும் இரைச்சலும் நிறைந்த ஒரு மதுக்கடையில் ஆபரேட்டர் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஓடவைத்தார்கள் என்பதே பெரிய காரியம். 10 சென்ட் நாணயம் போட்டால் ஒரு பாட்டு ஓடும், முடிந்ததும் நின்றுவிடும். அடுத்த நாணயத்துக்கு அடுத்த பாட்டு.

ஆனால் நமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியாது. சாதாரண ஜூக்பாக்ஸில் 5 சென்ட் போட்டு, பொத்தானை அழுத்தி, பிடித்த பாட்டைக் கேட்கலாம். இங்கே இரண்டு மடங்கு காசு கொடுத்தும், சுருளில் அடுத்து எது நிற்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். பிடித்த பாட்டு இப்போதுதான் ஓடி முடிந்தது என்றால், அது மறுபடி வருவதற்குள் இன்னும் ஏழு நாணயங்கள் விழ வேண்டும். நீங்கள் போடலாம், இல்லை பக்கத்து மேசைக்காரர் போடும்வரை காத்திருக்கலாம். சினிமா டிக்கெட்டே ஏறக்குறைய 25 சென்ட்டுக்குக் கிடைத்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு புதுச் சுருள் வரும். பெட்டி வைத்திருப்பவர் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவார்.

கேள்வி: இணையத்தில் அந்தக் காலத்துப் பாட்டுத் துணுக்கு ஒன்று பார்த்தேன். ஆரம்பத்தில் வரும் எழுத்துகள் எல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பியிருந்தன. வயலின் வாசிப்பவர் வில்லை இடது கையில் பிடித்திருந்தார். யாரோ தவறாக ஏற்றிவிட்டார்களா? (நாகர்கோவில்)

ஏற்றியவர் தன் கையில் இருந்த பிரதி எப்படி இருந்ததோ அப்படியே ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். மேலே சொன்ன முகம் பார்க்கும் கண்ணாடிதான் இதற்குக் காரணம். கண்ணாடி பிம்பத்தை இடம் வலமாக மாற்றிவிடும் இல்லையா, அதனால் பானோரத்துக்காக அச்சிட்ட பிரதிகளை முதலிலேயே திருப்பி அச்சிட்டார்கள். பெட்டிக்குள் ஓடும்போது இரண்டு திருப்பமும் சேர்ந்து படம் சரியாகிவிடும். அதே பிரதியைச் சாதாரணப் புரொஜெக்டரில் போட்டால் எழுத்து திரும்பியிருக்கும், சட்டைப் பொத்தான்கள் பக்கம் மாறியிருக்கும், உலகத்தில் உள்ள எல்லா வாத்தியக்காரர்களும் இடது கைக்காரர்களாகத் தெரிவார்கள்.

உங்கள் கண்ணில் பட்டது ஒரு விதத்தில் நல்ல அதிர்ஷ்டம். அது பெட்டிக்குள் ஓடுவதற்கென்றே அச்சான பிரதியிலிருந்து வந்தது என்பதற்கு அந்தத் திரும்பிய எழுத்தே அடையாளம். பிற்பாடு வீட்டுப் புரொஜெக்டர்களுக்காக விற்ற பிரதிகளில் இது இருக்காது.

கேள்வி: இந்தத் தொழிலில் அமெரிக்க ஜனாதிபதியின் மகன் இருந்தார் என்று படித்தேன். உண்மையா? (சேலம்)

உண்மைதான். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட். மில்ஸ் கம்பெனி பெட்டி செய்தது, அவர் படத் தயாரிப்பில் கூட்டுச் சேர்ந்தார். ஹாலிவுட்டில் படம் எடுத்த ஆர்.சி.எம். என்ற நிறுவனத்தின் மூன்று எழுத்தும் ரூஸ்வெல்ட், பாடலாசிரியர் சாம் காஸ்லோ, மில்ஸ் ஆகிய மூவரின் முதலெழுத்துகள். நியூயார்க்கில் மினோகோ என்று இன்னொரு நிறுவனம். ஜனாதிபதி மகன் பெயர் பத்திரிகைகளில் விளம்பரம் தேடித் தந்தது. ஆனால் அவர் கடற்படைக் காலாட்படையின் ரிசர்வ் அதிகாரி, சீக்கிரமே ராணுவப் பணிக்குப் போய்விட்டார். தொழிலை நடத்தியதும் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியதும் மற்றவர்கள்தான்.

கேள்வி: காமிரா முன்னால் நிஜமாகவே வாசித்தார்களா, நம் சினிமா மாதிரி வாயசைப்பா? (மதுரை)

வாயசைப்பு, வாசிப்பவர்களுக்குக் கையசைப்பு. முதலில் பாட்டை ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு செட்டில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்கு ஏற்றபடி நடிக்கச் சொல்லிப் படம் பிடிப்பார்கள். நம் சினிமாவோடு ஒரு முக்கியமான வித்தியாசம், இங்கே பெரும்பாலும் தன் குரலுக்குத் தானே வாயசைத்தார்கள். பணம் குறைவு, நேரமும் குறைவு, ஒரே நாளில் பல பாட்டுகளை முடித்தாக வேண்டும். அதனால் கூர்ந்து பார்த்தால் ஓட்டைகள் தெரியும். டிரம்ஸ்காரரின் குச்சி ஒரு இடத்தில் இருக்க ஓசை வேறு இடத்தில் விழும், சில படங்களில் திரையில் வாத்தியத்தோடு நிற்பவர் ஒருவர், ஒலியில் வாசித்தவர் வேறொருவர்.

பழைய ஜாஸ் ரசிகர்கள் சிலர் இதைச் சொல்லியே இந்தப் படங்களை ஒதுக்குவார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஃபேட்ஸ் வாலர் 1941இல் நான்கு படங்கள் செய்தார். பியானோ முன்னால் உட்கார்ந்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, பாட்டின் வரிக்கும் தன் கண்ணுக்கும் நடுவே ஒரு கிண்டலை நுழைத்துப் பாடும் அந்த மனிதரின் முகம் எந்த இசைத்தட்டிலும் கிடைக்காது. 1943 டிசம்பரில், 39 வயதில், ரயில் பயணத்தில் இறந்துபோனார். அவரை உயிரோடு பார்க்க நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சில வழிகளில் இந்த நான்கும் சேர்த்தி. விரல் அரை நொடி பிந்தியிருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிட முடியுமா?

கேள்வி: போர்க்காலம் என்கிறீர்கள். போர் இந்தப் படங்களில் தெரிகிறதா, அல்லது வெறும் கேளிக்கையா? (யாழ்ப்பாணம்)

நன்றாகவே தெரிகிறது. சிப்பாய் சீருடையில் பாடுகிறவர்கள், ஊரில் காதலனுக்குக் காத்திருக்கும் பெண்கள், போர்க் கடன் பத்திரம் வாங்கச் சொல்லும் பாட்டுகள் எல்லாம் உண்டு. ஜப்பானியர்களை மிகக் கேவலமாகச் சித்திரித்த படங்களும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது இன்றைக்கும் வயிற்றைப் புரட்டுகிறது. அதே வருடங்களில்தான் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள், அந்த நேரத்தில் மதுக்கடையில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

போர் மறைமுகமாகத் தெரியும் படங்கள் எனக்கு இன்னும் சுவாரஸ்யமானவை. 1942இல் கறுப்பின நடிகை டோரதி டேண்ட்ரிட்ஜும் பால் ஒயிட்டும் சேர்ந்து 'ஸூட் சூட்' பற்றிப் பாடி ஆடும் படம் ஒன்று இருக்கிறது. ஸூட் சூட் என்பது முழங்கால்வரை தொங்கும் கோட்டு, தோள்பட்டையில் பஞ்சு, தொளதொளவென்று விரிந்து கணுக்காலில் இறுகும் கால்சட்டை. கறுப்பின இளைஞர்களும் மெக்சிக அமெரிக்க இளைஞர்களும் ஆசையாக உடுத்தியது. அதே 1942இல் போருக்காகத் துணியைச் சேமிக்க வேண்டும் என்று அரசு ஆண்கள் சூட்டுக்கு ஆகும் துணிக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. அப்புறம் இவ்வளவு துணியில் கோட்டுப் போடுகிறவன் தேசப்பற்று இல்லாதவன் என்ற பேச்சு கிளம்பியது. 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் கடற்படை வீரர்கள் கூட்டமாக வந்து, ஸூட் சூட் போட்ட மெக்சிக அமெரிக்கப் பையன்களை அடித்து, உடையைக் கிழித்து எறிந்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்த மூன்று நிமிடத்தைப் பாருங்கள், இரண்டு பேர் புதுத்துணிச் சந்தோஷத்தில் துள்ளுவது வேறு மாதிரித் தெரியும்.

தொழிலையும் போர் இறுக்கியது. 1942இல் ஜூக்பாக்ஸ் மாதிரியான பொருள்களைத் தயாரிப்பதை நிறுத்தச் சொன்னது அரசு. உலோகமும் மின்சாதனங்களும் போருக்குப் போக வேண்டும். அத்தோடு புதுப் பானோரம் செய்வது நின்றது, ஏற்கனவே கடைகளில் நின்ற சில ஆயிரம் பெட்டிகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

போதாததற்கு, 1942 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, இசைத்தட்டுகளுக்கு இனிமேல் எங்கள் ஆட்கள் வாசிக்கமாட்டார்கள் என்று அறிவித்துவிட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒரு முறை வாசித்ததை ஜூக்பாக்ஸும் வானொலியும் ஆயிரம் முறை ஓட்டிக் காசு பார்க்க, நேரில் வாசித்துப் பிழைத்தவருக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளில் டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது, ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர்வரை பிடிவாதம் பிடித்தன. சவுண்டீஸ் தயாரிப்பும் இதில் அடிபட்டது.

கேள்வி: கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். மதுக்கடையில் காசு பறிக்க அவசரத்தில் எடுத்த துணுக்குகள் இவை. இவற்றுக்கு ஒரு பத்திரிகையில் இத்தனை இடம் எதற்கு? (புதுச்சேரி)

மன்னிப்பு எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதான். நீங்கள் சொல்வதில் பாதி சரி. 1940க்கும் 1946க்கும் இடையில் எடுத்த 1,800க்கும் மேற்பட்ட படங்களில் பெரும் பகுதி சாதாரணம். குட்டைப் பாவாடைப் பெண்கள் வரிசையாக நின்று சிரிப்பது, அசட்டு நகைச்சுவை, அட்டைப் பனைமரத்துக்கு முன்னால் ஹவாய் நடனம். எல்லாவற்றையும் உட்கார்ந்து பார் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆனால் அவற்றில் 300 அளவில் கறுப்பினக் கலைஞர்கள் நடித்தவை. இதற்கு என்ன மதிப்பு என்பது, அதே வருடங்களில் ஹாலிவுட் அவர்களை எப்படி நடத்தியது என்று பார்த்தால்தான் விளங்கும். பெரிய ஸ்டுடியோ படங்களில் கறுப்பின நடிகருக்குக் கிடைத்தது வேலைக்காரர் வேடம், பணிப்பெண் வேடம், ரயில் சுமைகூலி வேடம். பாடகர் என்றால், கதையோடு ஒட்டாமல் தனியாக ஒரு பாட்டு. ஏன் தனியாக? தென் மாநிலங்களில் படத்தைத் திரையிடும்போது, வெள்ளையர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று அந்தப் பாட்டை மட்டும் கத்தரித்துவிடலாம், கதை அறுந்துபோகாது. எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் லீனா ஹார்ன் பாடிய காட்சிகளை இப்படி வெட்டுவதற்குத் தோதாகவே எடுத்தார்கள். ஒரு கலைஞரை ஒப்பந்தம் செய்யும்போதே, அவரை எங்கே வெட்டுவது என்றும் முடிவு செய்துவிடுகிறார்கள்! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இந்த மூன்று நிமிடப் படத்தில் கதையும் கிடையாது, வெள்ளைக்கார நாயகனும் கிடையாது. பாட்டு முழுவதும் அந்த வாத்தியக் குழுவுக்கே. டியூக் எலிங்டன் பியானோவில் இருக்க, ரே நான்ஸ், ரெக்ஸ் ஸ்டூவர்ட், பென் வெப்ஸ்டர், ஜோ நான்டன், பார்னி பிகார்ட், டிரம்ஸில் சானி கிரியர் என்று ஒவ்வொருவராகத் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் 'ஜாம் செஷன்' (1942) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிகச்சிறந்த குழுக்களில் ஒன்று, அதன் உச்ச காலத்தில், ஒவ்வொருவர் முகமும் தெரிய வாசிக்கிறது. யாரும் யாருக்கும் தட்டு ஏந்தவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், காலத்துக்கும் காக்க வேண்டிய படம் என்று 2001இல் இதைச் சேர்த்தார்கள். மதுக்கடையில் 10 சென்ட்டுக்கு ஓடிய படம்!

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் இன்னொருவர். தேவாலயத்தில் பாடி வளர்ந்த பெண், 1941இல் லக்கி மில்லிண்டர் குழுவோடு படங்களில் பாடியிருக்கிறார். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்குப் பல வருடம் முன்பே மின்சார கிட்டாரை அதட்டி வாசித்தவர், அந்த இசையின் கௌரவப் பட்டியலில் அவர் பெயர் ஏற 2018 ஆயிற்று. அப்புறம் இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம். மிசிசிப்பியில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பைனி வுட்ஸ் பள்ளியில் உருவான, முழுக்கப் பெண்களே வாசித்த குழு. பல இனப் பெண்கள் அதில் இருந்தார்கள். தெற்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நிற்பதே சட்டப்படி ஆபத்து, எந்த ஹோட்டலும் இடம் தராது, அதனால் தங்கள் பேருந்திலேயே தூங்கி, சமைத்து, ஊர் ஊராகப் போனார்கள். டைனி டேவிஸின் டிரம்பெட்டையும் வை பர்ன்சைடின் சாக்ஸபோனையும் வாசிக்கும் நேரத்தில் பார்க்க முடிகிறது என்றால் அது 1946இல் எடுத்த படங்களால்தான். பெண்களுக்கு அவ்வளவு மூச்சு கிடையாது என்று பேசித் திரிந்தவர்கள் வாழ்ந்த காலம் அது.

நடனத்தையும் சொல்ல வேண்டும். ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் லிண்டி ஹாப் ஆடியவர்களில் தலைசிறந்த குழு ஒயிட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ். எலிங்டன் குழு வாசிக்க அவர்கள் ஆடும் படம் 1941இல் எடுத்தது. சவாய் அரங்கை 1958இல் மூடிவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அந்த நடனத்தைக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்தத் துணுக்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் காலடியைப் படிக்கிறார்கள்.

எடுத்தவர்கள் இதையெல்லாம் சேவையாக நினைத்துச் செய்யவில்லை. வாரத்துக்கு எட்டு படம் வேண்டும், நல்ல குழுக்கள் கறுப்பினத்தவரிடம் இருந்தன, குறைந்த கூலிக்கு வந்தார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஹாலிவுட் வெட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த முகங்கள் இங்கே முழுப் பாட்டுக்கும் இருக்கின்றன. இடம் ஒதுக்க எனக்கு இந்தக் காரணம் போதும்.

கேள்வி: நீங்கள் சொன்ன டோரதி டேண்ட்ரிட்ஜின் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில் காட்டுவாசி வேடத்தில் ஆடவிட்டிருக்கிறார்கள். கறுப்பினக் கலைஞர்களுக்கு இவை மதிப்புத் தந்தன என்று எப்படிச் சொல்ல முடியும்? (சென்னை)

முன் பதிலில் நான் சொன்னதோடு இதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும், நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. காட்டுவாசி வேடம், சோம்பேறி வேடம், பகடை உருட்டுகிறவர் வேடம், தர்பூசணிச் சிரிப்பு என்று கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பழைய அச்சுகள் எல்லாமே இந்தப் படங்களில் இருக்கின்றன. 1941இல் ஹோகி கார்மைக்கேல் பியானோ வாசித்துப் பாடும் ஒரு படத்தில் டேண்ட்ரிட்ஜுக்குக் கொடுத்தது வேலைக்காரப் பெண் வேடம்தான். அந்தச் சமயத்தில் அவருக்கு வயது இருபதைத் தொடவில்லை.

ஆனாலும் அடுத்த வருடம் அவர் கவ்பாய் உடையில் ஒரு மதுவிடுதியின் நடுவே நின்று பாடும் படத்தைப் பாருங்கள். கண், தோள், இடுப்பு, விரல் எல்லாம் அவர் சொன்னபடி கேட்கின்றன, காமிரா அவரைவிட்டு நகர மனம் இல்லாமல் நிற்கிறது. மில்ஸ் பிரதர்ஸ் பாட, அவர் நடித்த 1942 படமும் அப்படித்தான். எந்தக் குப்பை வேடத்தைக் கொடுத்தாலும் அதற்குள் தன்னுடைய ஓர் அசைவை வைத்துவிட்டுப் போகிறார். 1954இல் வந்த 'கார்மன் ஜோன்ஸ்' படத்துக்காக, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். அந்த நடிகை உருவாவதைப் பத்து வருடம் முந்திய இந்தத் துண்டுகளில் பார்க்கலாம். வேடம் கொடுத்தவர்கள் மேல் கோபப்படுவோம், ஆனால் அந்தக் கோபத்தில் அவர் செய்து காட்டியதைப் பார்க்காமல் போய்விடக் கூடாது.

இன்னொன்று. கறுப்பரும் வெள்ளையரும் சமமாக ஒரே சட்டகத்தில் வருவது சவுண்டீஸிலும் அபூர்வம்தான். அந்த அபூர்வங்களில் ஒன்று ஜீன் க்ரூப்பா குழுவின் 1942 படம். வெள்ளையரான பாடகி அனிதா ஓடேயும் கறுப்பினத்தவரான டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜும் நண்பர்களாகச் சிரித்துப் பேசிவிட்டுப் பாட்டுக்குள் போகிறார்கள். ஒருவரை ஒருவர் கேலி செய்கிறார்கள், அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அன்றைக்குப் பல ஊர்களில் அந்த இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியாது.

கேள்வி: இதில் நடித்து, பிறகு சினிமாவிலும் டிவியிலும் பெரிய ஆளானவர்கள் யாராவது? (ஈரோடு)

நிறைய. நாட் கிங் கோல் தன் மூவர் குழுவோடு. லெஸ் பிரவுன் குழுவில் பாடிக்கொண்டிருந்த டோரிஸ் டே 1941இல், அவர் முதல் சினிமா வந்ததே 1948இல்தான். மெக்சிகோவிலிருந்து வந்த ரிக்கார்டோ மொன்டல்பான், பின்னாளில் பளபளக்கும் உடையில் பியானோ வாசித்துக் கோடீஸ்வரரான லிபராச்சி. லூயிஸ் ஜோர்டன் ஏற்கனவே பிரபலம், ஆனால் படம் பார்த்தவர்கள் இசைத்தட்டு வாங்குவார்கள், கச்சேரிக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டு இந்த வடிவத்தை அவரைப்போல் பயன்படுத்தியவர் யாரும் இல்லை. நாற்பது வருடம் கழித்து எம்.டிவியில் எல்லாரும் செய்தது அதைத்தான்.

கேள்வி: இவ்வளவு நல்ல யோசனை ஏன் ஏழே வருடத்தில் செத்துப்போனது? (கோவை)

பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாதது முதல் காரணம், கடைசிவரை அதைச் சரிசெய்யவே இல்லை. பெட்டி விலை அதிகம், சாதாரண ஜூக்பாக்ஸைவிட உள்ளே பழுதாகக்கூடிய பாகங்களும் அதிகம். சினிமாவாக இருப்பதால் சில மாநிலங்களில் தணிக்கையும் உண்டு. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு வளர வேண்டிய நேரத்தில் போர் வந்து தயாரிப்பை நிறுத்தியது, போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் டிவி வந்துவிட்டது. மதுக்கடைகளில் டிவி நுழைந்த பிறகு, நிறுத்தாமல் இலவசமாகப் படம் ஓடும் பெட்டிக்குப் பக்கத்தில் 10 சென்ட் கேட்கும் பெட்டி எப்படி நிற்கும்? 1946ஓடு புதுப் படங்கள் ஏறக்குறைய முடிந்தன. பெட்டிகள் சில, ஒருவர் மட்டும் துளை வழியாகப் பார்க்கும் ஆபாசப் படப் பெட்டிகளாக மாற்றப்பட்டன. படங்களை வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக விற்றார்கள், ஆரம்பகால டிவியில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடம் நிரப்பவும் ஓட்டினார்கள். இவ்வளவு படங்கள் தப்பிப் பிழைத்ததற்கு அந்த விற்பனை பெரிய உதவி, ஏகப்பட்ட பிரதிகள் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

1960இல் பிரான்சில் ஸ்கோபிடோன் என்று ஒரு பெட்டி வந்தது, வண்ணப் படம், 36 பாட்டுகள், வேண்டியதைப் பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்காவுக்கும் போனது, அங்கேயும் சில வருடங்கள்தான்.

கேள்வி: எதை முதலில் பார்க்கலாம்? எங்கே கிடைக்கும்? (தஞ்சாவூர்)

இணையத்தில் சவுண்டீஸ் என்று தேடினாலே நூற்றுக்கணக்கில் வரும். நல்ல பிரதியில் பார்க்க வேண்டும் என்றால் 2023இல் 200 படங்களைச் சேர்த்து வெளியிட்ட டிஸ்க் தொகுப்பு இருக்கிறது. விலை கொஞ்சம் அதிகம், நூலகத்துக்கு வாங்கச் சொல்லிப் பார்க்கலாம்.

முதலில் ஃபேட்ஸ் வாலர் நான்கையும் பாருங்கள், எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகாது. அடுத்து எலிங்டனின் 'ஜாம் செஷன்', பிறகு லிண்டி ஹாப் படம், அப்புறம் ரொசெட்டா தார்ப், கடைசியில் ஸ்வீட்ஹார்ட்ஸ் குழு. ஒரே மூச்சில் இருபது முப்பது பார்க்காதீர்கள், ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். முதல் முறை சும்மா பாருங்கள், இரண்டாம் முறை பாடுகிறவரை விட்டுவிட்டுப் பின்வரிசையில் வாசிப்பவர்களைப் பாருங்கள். அவர்களில் பலர் பெயர் படத்தின் தலைப்பில் இருக்காது, அவர்களை அடையாளம் கண்டு பட்டியல் போடுவதற்கென்றே ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். படத்தின் பெயரோடு அந்தப் பட்டியலையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.